ஜமீன் தண்ணீர் குடித்தான்

ஏரிக்கரைப் பக்கமிருந்து வந்த சொறிநாய் ஒன்று வாசல் கேட்டின் கம்பிக்குள் மூக்கை நுழைத்து வீட்டு நாய் ஜமீனின் காதைக் கடித்ததையும், எழிலரசி விளக்குமாற்றோடு ஓடிவந்து அதை விரட்டியதையும் போன வாரம் படித்தோம். நமக்குத்தான் ஒரு வாரம். அவர்கள் வீட்டில் அதற்குள் ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. காயம் ஆறி, தழும்பில் மயிரும் முளைத்துவிட்டது. வீட்டில் எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள், ஒருவனைத் தவிர.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக வீட்டை ஒருமுறை சுற்றிக் காட்டிவிடுகிறேன். சத்துவாச்சாரியில் சொந்த வீடு. அண்ணன் ஜெயப்பிரகாஷ் மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் பச்சைத்தோல் குடோனைப் பார்த்துக்கொள்கிறவர். அவருக்கு உலகத்தில் இரண்டே கவலைகள்: குடோனுக்கு வரும் லோடு, கொல்லையில் பிஞ்சுக் குரும்பையாகவே கொட்டித் தீர்க்கும் தென்னை. அவர் மனைவி எழிலரசி. தம்பி சூரியபிரகாஷ் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகிறவன். அவன் மனைவி சங்கீதாவுக்கு இது ஏழாவது மாதம்.

இந்த நாலு பேரையும் மேய்ப்பவர்கள் இரண்டு பேர். ஆம்பூரில் தங்கியிருந்த வெளிநாட்டு ஷூ டிசைனர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது சூரியபிரகாஷிடம் ஒப்படைத்துவிட்டுப் போன பாசெட் ஹவுண்ட் நாய் ஜோடி. சாண் உயரத்துக்குக் கால், தரையைப் பெருக்கும் காது, இழவு வீட்டிலிருந்து இப்போதுதான் திரும்பியது போல ஒரு முகம். ஆண் நாலடி நடந்தால் அரை மணி நேரம் படுப்பான், ஆகவே ஜமீன். பெண்ணுக்குக் காது ஆடுகிற அழகுக்காக ஜிமிக்கி என்று பெயர்.

அன்று காலை ஆண்கள் இருவரும் வேலைக்குக் கிளம்பிய பிறகு, நாய்களுக்குச் சோறு வைக்கச் சங்கீதா பின்வாசலில் உட்கார்ந்தாள்.

சோறு வைப்பதற்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. தட்டில் குனிந்தால் காதுகள் முதலில் சாப்பிட்டுவிடும் என்பதால், தன் பழைய லெக்கிங்ஸின் காலை வெட்டி இரண்டு பேருக்கும் குல்லாய் தைத்திருந்தாள் சங்கீதா. அதை மாட்டி, காதுகளை உள்ளே திணித்த பிறகுதான் தட்டு வரும். குல்லாயைக் கண்டாலே ஜமீன் தானாக வந்து தலையை நீட்டுவான்.

அன்று நீட்டவில்லை. சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான். நிற்பதற்கே கஷ்டப்படுகிறவன் போலப் பின்னங்கால்கள் ஆடின. வாயிலிருந்து எச்சில் நூலாகத் தரைவரை தொங்கியது. ஜிமிக்கியோ கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவே இல்லை.

"இன்னாடா ஜமீன், காய்ச்சலா?" என்று சங்கீதா குல்லாயை அவன் தலையில் மாட்டப் போனாள்.

அவன் உதடு துடித்தது. கண் எங்கேயோ பார்த்தது. அடுத்த நொடி அவள் மணிக்கட்டு அவன் வாயில் இருந்தது.

"அக்கா!"

எழிலரசி அடுப்படியிலிருந்து ஓடிவந்தபோது சங்கீதா கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். விரல் வழியாக ரத்தம் சொட்டியது. ஜமீன் தரையில் பக்கவாட்டில் விழுந்து, காற்றில் நீந்துகிறவன் போல நாலு காலையும் அடித்துக்கொண்டிருந்தான். வாயில் நுரை.

கை கால் ஓய்ந்து நிற்கிற ஜாதியில்லை எழிலரசி. சங்கீதாவைக் குழாயடிக்கு இழுத்துப்போய், சோப்பைப் போட்டு, குழாயைத் திறந்து விட்டபடியே தேய்த்தாள். சங்கீதா "வலிக்குதுக்கா" என்று அழுதாள். "வலிக்கட்டும்" என்று எழிலரசி இன்னும் தேய்த்தாள்.

வலிப்பு நின்று ஜமீன் எழுந்தான். சுவரில் முட்டினான். தள்ளாடித் தள்ளாடிக் கொல்லைக் குளியலறைக்குள் போனான். எழிலரசி எட்டிப் பாய்ந்து வெளித்தாழ்ப்பாளைப் போட்டாள்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பஞ்சாட்சரம் மதில் மேல் தலையை நீட்டினார். ரிட்டயர் ஆன நாளிலிருந்து அந்தத் தெருவின் வாட்ஸ்அப் குரூப்பைத் தலைமேல் தாங்குகிறவர்.

"கடிச்சிடுச்சா? வாயில நுரை வந்துச்சா?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "வெறி புடிச்சிருச்சும்மா. சந்தேகமே வேணாம்."

"அப்படிச் சொல்லாதீங்க சார்" என்றாள் எழிலரசி.

"நான் சொல்லாம யார் சொல்றது? கலவை ஊர்ல எங்க பெரியப்பா பையன் நாய் கடிச்சு இப்படித்தான் போனான். கடைசியில ஒரு டம்ளர் தண்ணியக் காட்டுனா போதும், அலறுவான். கண்ணால பார்த்தவன்மா நான்." அவருக்கும் பயம்தான்.

சங்கீதா ஈரக் கையோடு நிமிர்ந்தாள். "ஜமீனுக்குப் போன வருஷம் ஊசி போட்டிருக்கு சார். எங்க வீட்டுக்காரர்தான் ரெண்டு பேரையும் ஆட்டோவுல ஏத்திக்கினு போய்ப் போட்டுட்டு வந்தார்."

அதைச் சொன்னதும் அவளுக்கே கொஞ்சம் தெம்பு வந்தது. சூரியபிரகாஷுக்கு ஃபோன் போட்டாள். அவன் பள்ளிகொண்டாவைத் தாண்டியிருந்தான்.

"ஏங்க, ஜமீன் கடிச்சிட்டான். வலிப்பு வேற வந்துச்சு. பயப்பட ஒண்ணும் இல்லதானே? ஊசி போட்டிருக்குதானே?"

அந்தப் பக்கம் லாரிகள் போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏங்க?"

"நீ உடனே ஆஸ்பத்திரிக்குப் போ" என்றான் சூரியபிரகாஷ். "அண்ணியக் கூட்டிக்கினு இப்பவே போ. நான் திரும்பி வர்றேன்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

லைன் போய்விட்டது. சங்கீதா ஃபோனைப் பார்த்தாள். பிறகு தன் வயிற்றைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்த எழிலரசி ஆட்டோவைக் கூப்பிட ஓடினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் கடிபட்டவர்களின் வரிசையில் ஏழு மாத வயிற்றைக் கண்டதும் எல்லோரும் வழிவிட்டார்கள். டாக்டரம்மா காயத்தைப் பார்த்தார். சோப்புப் போட்டுக் கழுவியதைக் கேட்டுத் தலையாட்டினார்.

"வீட்டு நாயா? ஊசி போட்ட நாயா?"

"போட்டிருக்கு" என்றாள் எழிலரசி.

"போடல" என்றது பின்னால் ஒரு குரல்.

சூரியபிரகாஷ் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தான். அதைக் கழற்றினால் மனைவியின் கண்ணைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று பயந்தானோ என்னவோ.

"அன்னிக்கு ஜிமிக்கிய ஏத்திட்டேன். இவன் ஆட்டோவுல ஏறவே மாட்டேன்னுட்டான். தூக்கலாம்னா மூட்டை மாதிரி கனம், ஊளை வேற. ஆட்டோக்காரன் கத்தினான். ஜிமிக்கிக்கு மட்டும் போட்டுட்டு, இவனை அடுத்த வாரம் பார்த்துக்கலாம்னு வந்துட்டேன். நீ கேட்டப்போ ரெண்டு பேருக்கும் போட்டாச்சுன்னு வாய் தவறி வந்துடுச்சு. அப்புறம் அதையே சொல்லிக்கினு இருந்துட்டேன்."

"ஏரி நாய் கடிச்சப்போகூட வாயத் தொறக்கலியே" என்றாள் சங்கீதா.

"தினமும் அவன் காதத்தான் பார்த்துக்கினு இருந்தேன். ஒண்ணும் ஆகலன்னு..."

அவள் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். "டாக்டர், குழந்தைக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"ஊசியால குழந்தைக்கு எந்தக் கெடுதலும் இல்ல. தாராளமா போடலாம்" என்றார் டாக்டரம்மா. கையில் ஒன்று போட்டு, காயத்தைச் சுற்றியும் மருந்தை ஏற்றினார். சங்கீதா பல்லைக் கடித்துக்கொண்டாள். "நேரத்துக்கு வந்துட்டீங்க. மிச்ச ஊசிய மட்டும் தவறவிடாதீங்க. இன்னொரு விஷயம். பயத்துல யாரும் நாயை அடிச்சுக் கொன்னுடக் கூடாது. கட்டி வெச்சுப் பாருங்க. பத்து நாள் கழிச்சும் அது உயிரோட நல்லா இருந்துச்சுன்னா, உங்களுக்கு அந்த பயமே வேணாம்."

இதைக் கேட்ட எழிலரசி, சங்கீதா இருவர் மனதிலும் ஒரே படம்தான் ஓடியது. மதில் மேல் பஞ்சாட்சரத்தின் தலை.

"நீ இவ கூட இரு சூர்யா. நான் வீட்டுக்குப் போறேன்" என்று எழிலரசி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

அவள் பயந்தது சரிதான். வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். கிரிக்கெட் மட்டை, குடைக்கம்பி, கடப்பாரை என்று ஆளுக்கொரு ஆயுதம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே அரண்டவர்கள் ஒரு தெரு முழுக்க. பஞ்சாட்சரம் குரூப்பில் போட்டுவிட்டாராம்: தெருவில் வெறிநாய், பிள்ளைகளை வெளியே விடாதீர்கள், கையில் கம்பு வைத்துக்கொள்ளுங்கள். போட்ட கையோடு கார்ப்பரேஷன் ஆளை அழைத்துவரக் கிளம்பியும் போய்விட்டாராம்.

"நாய் உள்ள பூட்டியிருக்கு. யாரும் கேட்டைத் தொறக்கக் கூடாது" என்று எழிலரசி கேட்டின் முன்னால் நின்றுகொண்டாள். "எங்க வீட்டுப் பொண்ணு உயிர் அந்த நாய் உயிர்ல இருக்குது. அதைத் தொட்டீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். கம்பை மட்டும் யாரும் கீழே போடவில்லை.

எழிலரசி கொல்லைக்குப் போனாள். குளியலறையில் சத்தமே இல்லை. செத்துவிட்டானோ? ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, மேலே இருந்த சின்ன ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

ஜமீன் வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றிருந்தான்.

இரவு அவள் நிரப்பி வைத்த வாளி. முக்கால்வாசி காலி. குடித்தான். நிமிர்ந்தான். குடித்த தண்ணீர் அப்படியே வாந்தியாக வந்தது. அது நிற்பதற்குள் மறுபடி வாளிக்குள் தலையை விட்டு வெறிகொண்டு குடித்தான். இரண்டு காதும் தண்ணீரில் மிதந்தன.

எழிலரசிக்குப் பஞ்சாட்சரம் சொன்னது ஞாபகம் வந்தது. ஒரு டம்ளர் தண்ணியக் காட்டுனா போதும், அலறுவான்.

இவன் அலறவில்லையே. குடிக்கிறானே!

நாய்களுக்கு எப்போதும் வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஜான்சனுக்கு ஃபோன் போட்டாள். அழுகையும் பேச்சுமாக அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர், "தண்ணி குடிக்கிறதை வெச்சு மட்டும் வெறி இல்லன்னு சொல்ல முடியாதும்மா. ஆனா நீங்க சொல்ற தாகம் வேற மாதிரி இருக்கு. கிட்டப் போகாதீங்க, நானே வர்றேன்" என்றார்.

அவர் வந்து இறங்கியபோது, எழிலரசி ஃபோனில் கூப்பிட்டதால் சங்கீதாவை ஆஸ்பத்திரி பெஞ்சில் ஓய்வாக உட்காரவைத்துவிட்டுச் சூரியபிரகாஷும் வந்து சேர்ந்தான். டாக்டர் தடித்த கையுறை போட்டுக்கொண்டு, நீளக் கம்பில் கட்டிய சுருக்கால் ஜமீனைப் பிடித்து வாய்ப்பூட்டு போட்டார். எதிர்க்க ஜமீனிடம் தெம்பு இல்லை. தரையில் கிடந்த வாந்தியை டாக்டர் குச்சியால் கிளறினார். சாம்பல் நிறக் கரகரப்பு. நடுவே கற்றையாக மயிர், நாயின் மயிர் அல்ல.

"என்ன தின்னான் இவன்?"

"சோறு, தயிர், கோழிதான் டாக்டர்" என்றாள் எழிலரசி.

டாக்டர் கொல்லையைச் சுற்றிப் பார்த்தார். தென்னையடியில் புதிதாகக் கிளறிய மண். அதில் நாய்க்கால் பறித்த ஒரு குழி. அதன் ஓரத்தில் வெள்ளைப் பொருக்கு. அவர் குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து மோந்தார். முகம் சுளித்தார்.

எழிலரசி கணவருக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"தென்னைக்கு இன்னா போட்டீங்க?"

குடோனில் லோடு இறங்கும் சத்தத்துக்கு மேல் ஜெயப்பிரகாஷ் கத்தினார். "உப்பு! குரும்பை கொட்டுதுன்னு சொன்னியே. எல்லாரும் போடுறதுதானே, நேத்து வேரச் சுத்தி நோண்டி ஒரு மூட்டை கொட்டி மூடுனேன்."

"எந்த உப்பு?"

"தோல்ல உதறுன உப்புதான். இங்க மலை மாதிரி கொட்டிக் கிடக்குது. ஒர்க்கர்ஸ் எல்லாரும் தென்னைக்கு இதைத்தான் எடுத்துக்கினு போறாங்க. ஏன், இன்னா ஆச்சு?"

பச்சைத்தோல் கெடாமல் இருக்க அதன் மேல் உப்பை வாரி இறைத்து அடுக்குவார்கள். தோலை ஊறப்போடுமுன் அதை உதறிக் கொட்டுவார்கள். அதில் ரத்தமும் கொழுப்பும் மயிரும் ஒட்டியிருக்கும். நமக்கு மூக்கைப் பொத்தத் தோன்றும் சரக்கு, பாசெட் ஹவுண்டின் மூக்குக்குக் கல்யாண விருந்து. ஆயுசு முழுக்க அந்த வாசனையிலேயே நின்ற ஜெயப்பிரகாஷுக்கு அது ஒரு வாசனை என்பதே மறந்துபோயிருந்தது. தென்னையின் பசியை யோசித்தவர் நாயின் மூக்கை யோசிக்கவில்லை.

"வண்டியில ஏத்துங்க" என்றார் டாக்டர். "உப்பு மூளைக்கு ஏறினா வலிப்பு வரும், தள்ளாடும், கிட்ட வந்தவங்களைக் கடிக்கவும் கடிக்கும். ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்."

வருஷம் ஒன்றாகத் தள்ளிப்போட்ட வேலையைச் சூரியபிரகாஷ் அப்போது செய்தான். டாக்டர் கொடுத்த கையுறையைப் போட்டுக்கொண்டு ஜமீனை இரண்டு கையிலும் வாரித் தூக்கினான். அந்தக் கனம் அவனுக்குத் தெரியவே இல்லை. எழிலரசி முன்னால் ஓடி கேட்டைத் திறந்தாள், டாக்டர் காரின் பின்கதவைத் திறந்தாள், ஜமீன் பக்கத்தில் தானும் ஏறிக்கொண்டாள். சூரியபிரகாஷ் பைக்கில் சங்கீதாவை அழைத்துவரப் போனான்.

கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் ஜான்சன் உதட்டைப் பிதுக்கினார். உப்பு எக்கச்சக்கம். காலில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. ஜமீன் மேஜை மேல் ஈரச் சாக்கு போலக் கிடந்தான். தலை மட்டும் அடிக்கடி குழாய் இருந்த பக்கம் திரும்ப முயன்றது, முடியாமல் விழுந்தது.

"கொஞ்சம் தண்ணி குடுங்களேன் டாக்டர்" என்றாள் வாசற்படியிலேயே நின்ற சங்கீதா. கையில் கட்டு. அவளை உள்ளே விட டாக்டர் மறுத்திருந்தார்.

"ஒரேயடியா குடுத்தா மூளை வீங்கிடும். சொட்டுச் சொட்டாத்தான் இறக்கணும்." அவர் ஊசியில்லாத சிரிஞ்சால் வாய்ப்பூட்டின் ஓரமாக ஒரு மடக்கு விட்டார். ஜமீனின் நாக்கு இன்னும் கேட்டுத் துழாவியது. சங்கீதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்போ வெறி இல்லதானே?" என்றான் சூரியபிரகாஷ்.

"உப்புன்னு உறுதியா சொல்வேன். ஆனா ஊசி போடாத நாய், தெருநாய்கிட்ட கடி வாங்கின நாய். இது உயிரோட எழுந்து நடந்தாத்தான் வெறிங்கிற அந்த இன்னொரு கதவை நான் மூடுவேன். செத்துட்டா..." அவர் சங்கீதாவைப் பார்த்துவிட்டு வாக்கியத்தை முடிக்கவில்லை. "சாகாம பார்த்துக்குவோம்."

சங்கீதா வாசற்படியில் மெல்ல உட்கார்ந்தாள். "டேய் ஜமீன்" என்றாள். "உனக்காகவும் பொழைச்சிக்கோ, எனக்காகவும் பொழைச்சிக்கோ. குல்லாய் வேணாம்டா. காதெல்லாம் சோறாக்கிக்கினு சாப்பிடு. ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சூரியபிரகாஷ் அவள் பக்கத்தில் உட்காரப் போனான். அவள் நகரவில்லை, இடமும் விடவில்லை. அவன் நின்றுகொண்டான்.

டாக்டர் டிரிப்பின் வேகத்தைச் சரிசெய்தபடி சாதாரணமாகக் கேட்டார். "ஆமா, உங்ககிட்ட இன்னொன்னு இருக்குமே. அது அந்தக் குழிப் பக்கம் போகலியே?"

ஜிமிக்கி காலையில் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. சாப்பிட வரவில்லை. பயந்துபோய் ஒளிந்திருக்கிறாள் என்று எழிலரசி நினைத்தாள். அதற்குப் பிறகு அவளை யாரும் பார்க்கவில்லை. ஜமீன் சாப்பிட்டதில் ஜிமிக்கிக்குப் பங்கு இல்லாமல் இருந்த நாள் என்று ஒன்று உண்டா?

"அண்ணி, கேட்டை மூடுனீங்களா?"

எழிலரசி வாயைப் பொத்திக்கொண்டாள். திறந்தது நினைவிருக்கிறது. மூடியது நினைவில்லை.

அவள் கையிலிருந்த ஃபோன் அடித்தது. பஞ்சாட்சரம்.

"எழிலு, இனிமே பயமில்லம்மா. நாய் மாட்டிக்கிச்சு."

"எந்த நாய் சார்?"

"உங்க நாய்தாம்மா! நான் கார்ப்பரேஷன் ஆபீஸ்லேர்ந்து இப்பத்தான் வர்றேன். பூட்டுன ரூம்லேர்ந்து எப்படியோ வெளிய வந்துடுச்சு. தெருமுனைச் சாக்கடையில மூஞ்சிய வெச்சிக்கினு நிக்குது. வாயெல்லாம் எச்சில், காலு தள்ளாடுது. பசங்க கம்போட சுத்தி நிக்கிறாங்க. நீ வராத, பார்த்தா தாங்க மாட்ட."

"சார், அது ஜமீன் இல்ல! ஜமீன் இங்க என் கண்ணு முன்னாடி படுத்திருக்கான். அது ஜிமிக்கி சார்! ஊசி போட்டது! வெறி இல்ல சார், தாகம்! அடிக்காதீங்கன்னு சொல்லுங்க!"

"இன்னாம்மா சொல்ற? இங்க ஒரே சத்தம், ஒண்ணும் காதுல விழல... டேய், இருங்கடா..."

கூச்சலுக்கு நடுவே ஜிமிக்கியின் ஊளை எழுந்தது. அந்தத் தெருவில் பால்காரரிலிருந்து பள்ளிப் பிள்ளை வரை எல்லோரும் கேட்டுச் சிரிக்கும், அடிவயிற்றிலிருந்து வரும் நீள ஊளை. அது பாதியில் நின்றது. ஃபோனும் நின்றது.

சூரியபிரகாஷ் ஏற்கெனவே பைக்கை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான்.

காலையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் கிடந்த ஜமீன் தலையைத் தூக்கினான். எழிலரசியின் கையிலிருந்த ஃபோனையே பார்த்தான். பிறகு வாய்ப்பூட்டுக்குள்ளிருந்து, நின்றுபோன அந்த ஊளையின் மிச்சத்தை அவன் ஊளையிட்டான்.